மூடிக்குள் அறுபத்திரண்டு

யார் எதைச் சொன்னாலும் "அது எப்பிடித் தெரியும்?" என்று கேட்பது ஜெயராணியின் வழக்கம். மடக்குவதற்காகக் கேட்பதில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் அவளுக்கு. கப்பல் இரண்டு நாள் தாமதம் என்று கணவன் யோகராஜ் சொன்னால்கூட விடமாட்டாள். யோகராஜுக்கு அந்தமானில், போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே துறையில் வேலை. வரும் கப்பல்களைக் கயிறு போட்டுக் கட்டுபவர்களில் ஒருவன். "ஆபீஸ் போர்டுல எழுதிப் போட்டிருக்கான், அதான் தெரியும்," என்பான். "எழுதுனவனுக்கு எப்பிடித் தெரியும்?" என்பாள்.

முப்பத்து மூன்று வயதில் அவள் கார் ஓட்டக் கற்றதும் இப்படி ஒரு கேள்வியால்தான். அப்போது ஒரு கேன்டீனில் சமையல் வேலை செய்துகொண்டிருந்தாள். புரோத்ராபூரில் வீடு. தினமும் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து வருவாள். டிரைவரின் வலது கால் என்ன செய்கிறது என்று பார்த்தாலே புரிந்தது. இடது கால் எதற்கு அப்படி ஏறி இறங்குகிறது என்றுதான் புரியவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டாள். "கிளட்ச்," என்றார் டிரைவர். கிளட்ச் என்ன செய்யும் என்று கேட்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது. அடுத்த மாதமே டிரைவிங் பள்ளியில் சேர்ந்துவிட்டாள்.

முதலில் மற்றவர்களின் கார்களை ஓட்டினாள். 2021 கடைசியில் சொந்தமாக ஒரு வெள்ளை டீசல் கார் வாங்கினாள். 2011ஆம் வருடத்து வண்டி. வைத்திருந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஓய்வு பெற்று ஊருக்குப் போகும்போது ஒரு புரோக்கரிடம் விட்டுப் போயிருந்தார். வாங்கும்போது மீட்டரில் இருபத்தொன்பதாயிரம் கிலோமீட்டர். பத்து வருட வண்டிக்கு இது கம்மிதானே என்று கேட்டதற்கு, "வாத்தியார் வண்டிக்கா, வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் எவ்வளவு ஓடியிருக்கப் போவுது," என்றான் புரோக்கர். தீவில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். சாலை முடிந்தால் கடல்.

அந்தக் காரில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பாராதாங் தீவு வரை போய் வருவாள். வழியில் ஜிர்காடாங் செக்போஸ்ட்டில் எல்லா வண்டிகளும் காத்திருந்து, குறித்த நேரத்தில் போலீஸ் வண்டியோடு சேர்ந்து வரிசையாகக் காட்டுக்குள் நுழைய வேண்டும். அங்கிருந்து படகுத்துறை வரை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காடு. நிற்கக் கூடாது, முந்தக் கூடாது, கேமராவை வெளியே எடுக்கக் கூடாது.

2023 நவம்பரில் ஒருநாள், திரும்பி வரும் வரிசையில், காட்டின் நடுவே அவளுக்குப் பின்னால் வந்த கார் நின்றுவிட்டது. ஓட்டியவன் பாலகுமார், அவளுக்குத் தெரிந்தவன். போலீஸ்காரர்கள் ஓடி வந்தார்கள். நிற்கக் கூடாத இடத்தில் முழு வரிசையும் நின்றது. பாலகுமார் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஸ்டார்ட்டர் மட்டும் லேசாக, தடையே இல்லாத மாதிரி சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. அவனுடைய பயணிகளைப் பிரித்து மற்ற வண்டிகளில் ஏற்றினார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு தம்பதி ஜெயராணியின் காரில் ஏறினார்கள்.

"முன்னாடி ஏதாவது சத்தம் கேட்டுச்சாங்க?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமே இல்லைங்க," என்றார் அந்த ஆள். "புகை இல்ல, நாத்தம் இல்ல. ஃபேனை ஆஃப் பண்ணுன மாதிரி பொசுக்குன்னு நின்னுபோச்சு."

மீதி வழி முழுக்க ஜெயராணி அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். கெட்டுப்போகும் எந்தப் பொருளும் முதலில் ஏதாவது ஒரு விதத்தில் சொல்லிவிடும் என்றுதான் அவள் நம்பியிருந்தாள். பிரேக் கிறீச்சிடும். டயர் வழுக்கையாகும். பேட்டரி காலையில் முனகும். சொல்லாமல் போனது எது?

இரண்டு நாள் கழித்து டாலிகஞ்சில் நல்லதம்பியின் பட்டறைக்குப் போனாள். நல்லதம்பிக்குத் தூத்துக்குடிப் பக்கம். தீவுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. பாலகுமாரின் கார் அங்கேதான் இழுத்து வரப்பட்டு, இன்ஜின் திறந்து கிடந்தது.

"வாங்க தங்கச்சி. என்ன, துக்கம் விசாரிக்க வந்தீங்களா?"

"என்னண்ணே ஆச்சு இதுக்கு?"

"டைமிங் பெல்ட் அந்துபோச்சு. வால்வு எட்டும் வளைஞ்சு கெடக்கு. சாமான் கப்பல்ல வரணும். ரெண்டு மாசம் பாக்கணும்."

டைமிங் பெல்ட் என்ற பெயரை அவள் கேள்விப்பட்டிருந்தாள். அது என்ன செய்கிறது என்று தெரியாது. கேட்டாள். நல்லதம்பி கைகளைத் துடைத்துக்கொண்டு, ஒரு கையைக் கீழேயும் ஒரு கையைத் தலைக்கு மேலேயும் வைத்துக் காட்டினார்.

"கீழ உள்ள தண்டு பிஸ்டனை ஏத்தி எறக்கும். மேல உள்ள தண்டு வால்வைத் தொறந்து மூடும். பிஸ்டன் மேல வர்ற நேரத்துக்கு வால்வு மூடி ஒதுங்கியிருக்கணும். ரெண்டும் தாளம் தப்பாம சுத்தணும்னா ரெண்டையும் கட்டிப் போட ஒரு சங்கிலி வேணும், இல்லாட்டி பல்லு வெச்ச ஒரு ரப்பர் பெல்ட் வேணும். அது அந்துச்சுன்னா மேல உள்ளது அப்படியே நின்னுரும். கீழ உள்ளது வேகத்துல ஏறி வந்து வால்வை இடிச்சிரும். அதோட கதம், முடிஞ்சுது."

"எல்லா வண்டியிலயும் பெல்ட்டா?"

"இல்ல. பாதி வண்டிக்குச் செயின். செயின் தேஞ்சா கரகரன்னு சொல்லிரும். பெல்ட் சொல்லாது."

"என் வண்டியில?"

நல்லதம்பி வெளியே எட்டிப் பார்த்தார். "உங்களது பெல்ட்தான்."

"எப்ப மாத்தணும்?"

"ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒரு கணக்கு. உங்களோடதுக்கு அறுபதாயிரம் கிலோமீட்டர், இல்ல அஞ்சு வருசம். எது முந்துதோ அது."

மீட்டரில் ஐம்பத்தெட்டாயிரத்துச் சொச்சம். அவள் இதைச் சொன்னதும் பட்டறையில் நின்றிருந்த இன்னொரு டிரைவர், "இன்னும் ரெண்டாயிரம் பாக்கியிருக்கே அக்கா! வருசக் கணக்கெல்லாம் சும்மா. ஓடாத வண்டிக்கு என்ன தேய்மானம்?" என்று சிரித்தான்.

ஜெயராணி சிரிக்கவில்லை. அந்த ஒரு விஷயம் மட்டும் அவளுக்கு யாரும் சொல்லாமலே தெரியும். அவளுடைய பெற்றோர் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து வந்து, நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டவர்கள். பதினெட்டு வயதிலிருந்து சுனாமி வரை எட்டு வருடம் அவள் அங்கே ரப்பர் ஷீட் தரம் பிரித்தாள். காய்ந்த ஷீட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பாள்; குமிழ் இருக்கிறதா, பூசணம் இருக்கிறதா என்று பார்ப்பாள்; கட்டைவிரலால் ஒரு அழுத்து. இது முதல் தரம், இது இரண்டாம் தரம். மழைக்காலத்தில் மாதக்கணக்காகக் கப்பல் வராமல் போகும். யாரும் தொடாமல் அடுக்கி வைத்த முதல் தர ஷீட், கப்பல் வரும்போது பிசுபிசுத்து மூன்றாம் தரமாகியிருக்கும். ரப்பர் சும்மா இருந்தாலும் வயசாகும்.

"இந்தப் பெல்ட்டு எப்பப் போட்டதுன்னு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

"அதைத்தான் தெரிஞ்சிக்க முடியாது. கம்பெனியில போட்டதாக்கூட இருக்கலாம்."

"தொறந்து பாத்தா?"

நல்லதம்பி தயங்கினார். பிறகு ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்து, இன்ஜினின் பக்கவாட்டிலிருந்த கறுப்பு பிளாஸ்டிக் மூடியின் மேல்பாதியைக் கழற்றினார். உள்ளே, பல் சக்கரத்தைச் சுற்றி, இரண்டு விரல்கூட அகலம் இல்லாத ஒரு கறுப்புப் பட்டை. இவ்வளவு பெரிய இன்ஜின் இதை நம்பியா ஓடுகிறது என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. கை விட்டுத் தொட்டாள். கட்டைவிரலால் அழுத்தினாள். நகத்தால் கீறிப் பார்த்தாள். டார்ச் அடித்துப் பல்லுக்குப் பல் பார்த்தாள். வெடிப்பு இல்லை. பிசுபிசுப்பு இல்லை. விறைப்பும் இல்லை.

"நல்லாத்தாண்ணே இருக்கு. முதல் தரம்னு சொல்லலாம்."

நல்லதம்பி உள்ளே போய், பாலகுமார் வண்டியில் அறுந்த பெல்ட்டைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். "இதையும் பாத்துச் சொல்லுங்க."

அறுந்த இடத்தைத் தவிர அதுவும் அப்படியேதான் இருந்தது. வழவழப்பான முதுகு, கூரான பல். கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் எது அறுந்தது, எது ஓடிக்கொண்டிருப்பது என்று சொல்ல முடியாது.

"இது உங்க மரத்து ரப்பர் இல்ல தங்கச்சி. ஃபேக்டரியில வேற மருந்துல செய்யறது. இதை மேலாப்புல பாத்தா ஒண்ணும் மாலூம் ஆகாது, தெரியவே தெரியாது."

எட்டு வருடம் தன் விரலை நம்பியவளுக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. கோபம் இல்லை, வெட்கமும் இல்லை. தெரிந்த ஆள் என்று நினைத்துத் தோளைத் தட்டினால் வேறு யாரோ திரும்பிப் பார்ப்பது மாதிரி.

நல்லதம்பி மூடியைத் திரும்ப மாட்டப் போனபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். மூடியின் உள்பக்கத்தில் மஞ்சள் பெயின்ட்டில் இரண்டு இலக்கம். அறுபத்திரண்டு.

"இது என்னண்ணே?"

நல்லதம்பி மூடியைத் திருப்பிப் பார்த்தார். "சில மிஸ்திரி பெல்ட் மாத்துனா கிலோமீட்டரை இப்படி எழுதி வெப்பான். அறுபத்திரண்டாயிரத்துல மாத்துனதுன்னு." சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். "உங்க மீட்டர்ல எவ்வளவு?"

"ஐம்பத்தெட்டு."

"அதெப்படி? இன்னும் வராத அறுபத்திரண்டுல எவன் மாத்துனான்?"

நல்லதம்பி மூடியைத் திரும்ப மாட்டினார். கிளம்பும்போது ஜெயராணி, அறுந்த பெல்ட்டைத் தான் எடுத்துப் போகலாமா என்று கேட்டாள். "எடுத்துக்கிட்டுப் போங்க. பாலகுமார் அதைப் பாத்தா அழுவான்," என்றார் நல்லதம்பி.

வீட்டில் யோகராஜிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "அறுபத்திரண்டுன்னா பார்ட் நம்பரா இருக்கும்," என்றான் அவன். "பார்ட் நம்பரை யாரு பெயின்ட்டுல கையால எழுதுவா?" என்றாள். அவன் பேச்சை மாற்றினான். "ஓடுற வண்டியைப் போய் எதுக்கு நோண்டுற? நேத்துக்கூட ஓடுச்சுல்ல?"

அவள் அரிவாள்மணையை எடுத்துப் போட்டு, அறுந்த பெல்ட்டைக் குறுக்கே அறுக்க ஆரம்பித்தாள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரப்பர் பாதி வரை வழுக்கிக்கொண்டு அறுந்தது. அப்புறம் கத்தி கரகரவென்று எதிலோ மாட்டியது. வெட்டுவாயில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். நகத்தால் இழுத்தாள். மெல்லிய வெள்ளை நூல் ஒன்று உருவிக்கொண்டு வந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. பட்டையின் நீளத்துக்கும் நூல்கள் ஓடின. அறுந்த முனைக்குப் பக்கத்தில் இழுத்தவை மட்டும் நூலாக வராமல் துண்டு துண்டாக, தூளாக உதிர்ந்தன.

யோகராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து வந்தான். இடது கையால் ஒரு துண்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"இது கயிறு, ராணி," என்றான்.

"என்ன?"

"எங்க கயிறு மாதிரிதான். கப்பலை இழுத்துப் பிடிக்கிற கயித்துக்கு மேலத் தோலு புதுசாட்டம் இருக்கும். உள்ள புரி நொந்து போயிருக்கும். அது அந்து அடிச்சா ஆளு காலி. ரப்பரு சும்மா மேல்சட்டை. இழுக்குறது இந்த நூலுதான்."

"அப்ப உங்க கயித்தை எப்ப மாத்துவீங்க?"

"சந்தேகம் வந்தா புரியைப் பிரிச்சுப் பாப்போம். பிரிக்க முடியாத கயிறுன்னா தேதிதான். தேதி வந்தா, எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் கழட்டிப் போடுன்னு ஆர்டர்."

அதற்கப்புறம் அவன் "நேத்து ஓடுச்சுல்ல" என்று சொல்லவில்லை. "உன் வண்டிக்குத் தேதி யாருகிட்ட இருக்கும்னு பாரு," என்றான்.

மறுநாள் ஜெயராணி வண்டிக் காகிதங்களை எடுத்தாள். விற்பனைத் தாளில் பழைய உரிமையாளரின் பெயர் கிருஷ்ணமூர்த்தி, தென்காசி விலாசம், ஒரு போன் நம்பர். மூன்றாவது தடவை அடித்தபோது எடுத்தார்கள்.

"சார், வணக்கம். நான் போர்ட் பிளேர்லருந்து பேசுறேன். உங்க வெள்ளைக் காரை வாங்குனவ."

"அப்படியா! நல்லா ஓடுதாம்மா?"

"நல்லா ஓடுது சார். ஒரே ஒரு விசயம் கேக்கணும். அதுல பெல்ட்டு எப்ப மாத்துனீங்க?"

"பெல்ட்டா? சீட் பெல்ட் நான் போட்டதே இல்லையேம்மா, அந்தக் காலத்துல யாரு கேட்டா?"

டைமிங் பெல்ட் என்று விளக்கினாள். அவருக்கு நினைவு வரவில்லை. எல்லாவற்றையும் மிஸ்திரிதான் பார்த்தான் என்றார். அந்த மிஸ்திரி இப்போது எங்கே என்று தெரியாது என்றார். போன் மறுமுனையில் ஒரு பெண் குரல், "யாரு, என்ன கேக்காங்க?" என்றது. அவர் சொன்னார்.

"கறுப்பா, பல்லு பல்லா, வளையமா இருக்குமே, அதுவா? போனைக் குடுங்க." கிருஷ்ணமூர்த்தியின் மனைவி சந்திரமதி போனை வாங்கினார். "அம்மா, அதை மெட்ராஸ்லருந்து வாங்கிட்டு வந்ததே நான்தான். என் கைப்பையில."

"கைப்பையிலயாம்மா?"

"ஆமா! இவுங்க போன் பண்ணி, அங்க சாமான் இல்ல, கப்பல்ல வர நாளாகும், நீ ஃபிளைட்ல வாரேல்ல, கடையில சொல்லி வெச்சிருக்கேன், வாங்கிட்டு வான்னாங்க. கல்யாணப் பட்டுப்புடவைக்கு நடுவுல வெச்சேன். ஏர்போர்ட்டுல செக் பண்ற பொண்ணு அதை வெளிய இழுத்துப்போட்டு, இது என்னன்னு கேக்கா. எனக்கு என்ன தெரியும்? காரோட ஒட்டியாணம்னு சொன்னேன். நாலு பேரைக் கூப்பிட்டுக் காட்டுனா."

ஜெயராணி வாய்விட்டுச் சிரித்தாள். "அது எந்த வருசம்மா?"

"ரெண்டாயிரத்துப் பதினாலு, ஆவணி. என் தம்பி மக கல்யாணத்துக்குப் போயிட்டுத் திரும்புனேன்."

"அது எப்பிடிம்மா அவ்வளவு உறுதியாத் தெரியும்?"

"ஏன் தெரியாது? அவளுக்கு அடுத்த வருசமே பிறந்த பய இப்ப மூணாப்பு படிக்கான். இரு, பத்திரிகையே இருக்கு, போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுதேன்."

"அப்ப மீட்டர்ல அறுபத்திரண்டாயிரம் இருந்துச்சாம்மா?"

அது சந்திரமதிக்குத் தெரியாது, கணவரிடம் கேட்டார். ஆனால் அறுபத்திரண்டு என்ற சொல் கிருஷ்ணமூர்த்திக்கு எதையோ நினைவுபடுத்திவிட்டது. போன் மறுபடி அவர் கைக்கு வந்தது.

"இருக்கும்மா, இருக்கும். எனக்கு அப்ப ரங்கத் ஸ்கூல்ல வேலை. வாராவாரம் அத்தன தூரம் போயிட்டு வருவேன். மூணு வருசத்துல அறுபதாயிரம் தாண்டிட்டுது. அப்புறந்தான் டவுனுக்கு மாத்தல் வந்தது."

"சார், இப்ப மீட்டர்ல ஐம்பத்தெட்டுதான் இருக்கு."

"ஐயோ," என்றார் அவர். தாழ்ந்த குரலில் சொன்னார்: "மீட்டரை மாத்துனோம்மா. ஒரு மழையில உள்ள தண்ணி ஏறி முள்ளு நின்னுபோச்சு. ஒரு பழைய வண்டியில கழட்டுனதை மிஸ்திரி மாட்டிவிட்டான். அதுல எவ்வளவு இருந்ததுன்னு நான் பாக்கல. மறைக்கணும்னு இல்லம்மா. புரோக்கர் கேக்கல, எனக்கும் சொல்லத் தோணல."

அவருடைய சங்கடம் போனில் கேட்டது. "பரவாயில்ல சார். இப்ப சொன்னீங்களே," என்றாள் ஜெயராணி. அரைமணி நேரத்தில் கல்யாணப் பத்திரிகையின் படம் வந்தது. 2014, செப்டம்பர்.

அன்று முழுக்க அவள் மனத்தில் அந்தத் தேதி ஓடிக்கொண்டிருந்தது. மீட்டர் வேறு வண்டியினுடையது. அதன் எண்களை வைத்து எதுவும் சொல்ல முடியாது. தான் ஓட்டியது இருபத்தொன்பதாயிரம் என்பது மட்டும் நிச்சயம். அதற்கு முன்னால் கிருஷ்ணமூர்த்தி எவ்வளவு ஓட்டினார் என்பது கடவுளுக்குத்தான் தெரியும். ஆனால் வருடம் பொய் சொல்லாது. ஐந்து வருடத்துக்கென்று போட்ட பெல்ட் ஒன்பது வருடம் ஓடியிருக்கிறது. அதில் இரண்டு வருடம், அந்தக் காட்டுக்குள் யார் யாருடைய பிள்ளைகளையோ ஏற்றிக்கொண்டு அவளே ஓட்டியிருக்கிறாள். எத்தனை தடவை என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டாள்.

நல்லதம்பியிடம் போய்ச் சொன்னாள். அவர் தலையை ஆட்டினார். "பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கிற சின்னச் சக்கரம், தண்ணி பம்ப், மூணும் வரவழைப்போம். ஒண்ணை மாத்திட்டு ஒண்ணை விட்டா திரும்ப இதே வேலைதான்."

"வர்ற வரைக்கும் டவுனுக்குள்ள மட்டும் ஓட்டலாமாண்ணே?"

"காட்டுல அந்துச்சுன்னா நடுக்காட்டுல நிப்பீங்க. டவுன்ல அந்துச்சுன்னா டீக்கடை வாசல்ல நிப்பீங்க. வால்வுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

ஜெயராணி வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தினாள். டிசம்பர் தொடக்கம், பயணிகள் குவிகிற சமயம். அவளுக்குப் பயணங்களைப் பிடித்துக் கொடுக்கும் ஹரிஹரன் மறுநாளே போன் செய்தான்.

"அக்கா, வியாழக்கிழமை பாராதாங். நாலு பேரு. பக்கா பார்ட்டி."

"வண்டி வராது தம்பி."

"ஏன், காடி கராப் ஆயிடுச்சா?"

"இல்ல, நல்லா ஓடுது."

"அப்புறம் என்னக்கா?"

"அதுதான் பயமா இருக்கு. எவ்வளவு நாள் ஓடும்னு தெரியாம ஓடுது."

ஹரிஹரனுக்குப் புரியவில்லை. பயணத்தை வேறொருவனுக்குக் கொடுத்தான். அதற்கடுத்த வாரமும் கொடுத்தான். வாசலில் கழுவித் துடைத்து நிற்கும் வண்டியைப் பார்த்துத் தெருவில் போகிறவர்கள், என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள். ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கே அலுத்துவிட்டது. பத்தாவது நாள் அவளுக்குள்ளும் சந்தேகம் வந்தது. ஒருவேளை அந்தப் பெல்ட் இன்னும் ஐந்து வருடம் ஓடுமோ? இத்தனை பயணங்களையும் ஒரு பட்டுப்புடவைக் கதையை நம்பியா விட்டோம்? பஸ்ஸில் மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறிப் பையோடு திரும்பும்போதெல்லாம் இதே கேள்வி.

பதினேழாவது நாள் சென்னையிலிருந்து பார்சல் வந்தது.

வேலை நடக்கும்போது பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தாள். நல்லதம்பி முன்சக்கரத்தைக் கழற்றி, மூடிகளை எடுத்து, கீழ்த்தண்டையும் மேல்தண்டையும் மெதுவாகத் திருப்பி, இரண்டின் குறிகளும் நேருக்கு நேர் வரும் இடத்தில் நிறுத்தினார். "இதுல ஒரு பல்லு தள்ளி மாட்டுனாலும் அவ்வளவுதான்," என்றார். அப்போது அவரிடம் யாரும் பேசவில்லை. ஜெயராணிகூட.

பழைய பெல்ட் கழன்று வந்தது. அவள் அதை வாங்கி உள்ளே வெளியே திருப்பி, வளைத்து, மடக்கி, ஒவ்வொரு பல்லின் அடியிலும் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. நல்லதம்பியும் வாங்கிப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அவள் முகம் சற்றுச் சுருங்கியது. இதற்காகவா பதினேழு நாள் என்று தோன்றியது. கெட்டுப் போயிருக்கவேண்டும் என்று தான் ஆசைப்பட்டதை உணர்ந்து அவளுக்கே சிரிப்பும் வந்தது.

பிறகு நல்லதம்பி பெல்ட்டை இறுக்கும் சின்னச் சக்கரத்தைக் கழற்றினார். பழக்கத்தில் விரலால் ஒரு சுண்டு சுண்டினார். அது சுற்றிய சத்தம், மணலை அம்மியில் வைத்து இழுத்த மாதிரி இருந்தது. மறுபடி சுண்டினார். பாதிச் சுற்றில் தடுக்கி நின்றது. புதுச் சக்கரத்தை எடுத்து ஜெயராணியின் கையில் கொடுத்து, "இதைச் சுத்துங்க," என்றார். அது சத்தமே இல்லாமல் வழுக்கிச் சுழன்றது.

"இது பெல்ட்டோட சேத்து அப்பவே மாத்தியிருக்கணும்," என்றார் நல்லதம்பி. "அவரு அந்தம்மா கைப்பையில பெல்ட் மட்டுந்தான் வரவழைச்சிருக்காரு. இது கம்பெனியிலருந்து வந்தது. பன்னெண்டு வருசம்."

"இது நின்னா?"

"இது இறுகி நின்னா பெல்ட் உரசி உரசிப் பிஞ்சிரும். இல்ல, கழண்டு வெளிய போயிரும்."

"எத்தன நாள்ல நின்னிருக்கும்ணே?"

நல்லதம்பி அந்தச் சக்கரத்தை அவள் கையில் கொடுத்தார். "நாளைக்கும் நின்னிருக்கலாம். அடுத்த வருசமும் நின்னிருக்கலாம். அது மாலூம் நஹி தங்கச்சி."

இத்தனை நாள் தான் ஓடி ஓடி விசாரித்தது ஒன்று, கெட்டுப்போய்க் கிடந்தது அதன் பக்கத்திலிருந்த வேறொன்று. ஜெயராணி அந்தப் பழைய சக்கரத்தைத் திரும்பத் திரும்பச் சுண்டி, காதருகே வைத்துக் கேட்டாள். ஓடும் இன்ஜினின் இரைச்சலில், மூடிக்கு உள்ளே, இந்தச் சத்தம் யாருக்கும் கேட்டிருக்காது.

புதிதை மாட்டி முடித்ததும் நல்லதம்பி, சாவி போடாமலே இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தார். எங்கும் இடிக்கவில்லை. "இப்பப் போடுங்க," என்றார். பிடித்துக்கொண்டது. பழைய எண்ணுக்குக் கீழே தேதியையும் வருடத்தையும் சேர்த்து எழுதச் சொன்னாள் ஜெயராணி. மீட்டர் மாற்றியதையும் எழுத வேண்டும் என்றாள். "மூடியா, மகாபாரதமா?" என்று முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்.

அன்று மாலை தென்காசிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். சக்கரத்தைப் பற்றிக் கேட்டதும் சந்திரமதி கணவரைப் பிடித்துக்கொண்டார். "அப்பமே கூட ஒரு சாமான் வேணும்னு சொல்லியிருந்தா அதையும் வாங்கிட்டு வந்திருப்பேனே! பையில இடமா இல்ல?" ஜெயராணி இருவருக்கும் இடையில் கொஞ்ச நேரம் மாட்டிக்கொண்டாள்.

பொங்கலுக்கு முந்தின வியாழக்கிழமை ஹரிஹரன் மறுபடியும் ஒரு பாராதாங் பயணம் கொடுத்தான். ஜிர்காடாங்கில் ஒன்பது மணி வரிசைக்காக அவள் போய் நின்றபோது எட்டரைகூட ஆகவில்லை. மற்ற டிரைவர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஓடுகிற வண்டியைப் பதினேழு நாள் நிறுத்தி வைத்த கதை அவளுக்கு முன்னாலேயே அங்கே வந்து சேர்ந்திருந்தது. ஒருவன் கிண்டலாகத்தான் ஆரம்பித்தான்.

"உன் வண்டியில பெல்ட்டா, செயினா?" என்று கேட்டாள் ஜெயராணி.

அவன் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தான். பக்கத்தில் நின்றவன் அவனுக்குப் பக்கத்தில் நின்றவனைப் பார்த்தான்.

"சரி, பெல்ட்டுன்னா எப்பப் போட்டது?"

ஒரு வங்காளி டிரைவர் மட்டும், தன்னுடையது செயின் என்று உறுதியாகச் சொன்னார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு மூடியைக் காட்டுகிறேன் வா என்று கூட்டிக்கொண்டு போனார். தகர மூடி, எண்ணெய்க் கசிவோடு; செயின்தான் எண்ணெயில் ஊறி ஓடும், பெல்ட்டுக்கு எண்ணெய் ஆகாது. இன்னொருவன் போய்த் தன் வண்டியின் பானெட்டைத் திறந்தான். அங்கே, ஜெயராணியின் வண்டியைப் போலவே, பிளாஸ்டிக் மூடி. அவன் தலையைச் சொறிந்துகொண்டு யாருக்கோ போன் போட்டான், வண்டியை விற்றவருக்காக இருக்கலாம். அடுத்த வண்டி திறந்தது. அதற்கடுத்ததும். பயணிகள் இறங்கி வந்து, என்ன பிரச்சினை என்று கேட்டார்கள். பிரச்சினை ஒன்றும் இல்லை, பார்க்கிறோம் என்றார்கள் டிரைவர்கள். ஜெயராணி டார்ச்சோடு ஒவ்வொரு வண்டியாகக் குனிந்து எட்டிப் பார்த்துக்கொண்டு போனாள்.

ஒன்பது மணிக்குப் போலீஸ்காரர் விசில் ஊதினார். வரிசை நெடுக ஒன்றன்பின் ஒன்றாகப் பானெட்டுகள் அடித்துச் சாத்தப்படும் சத்தம் கேட்டது.